ஒருபக்கம் தீட்டிய கத்தியும் என் முள்ளுக் கூடையும்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஏழும் மீன் தின்று வளர்ந்தவை. மூத்த ஐந்து மட்டும் நாலு மாதம் வெறும் முள்ளைச் சப்பின. அந்த நாலு மாதத்தையும், அதை நான் எப்படி முடித்தேன் என்பதையும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோயில் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு வெற்றிலை மென்று முடிந்துவிடுகிறது. முடியட்டும். எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் தோணிக்காரர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணியில் வேலை. சண்டைக் காலத்தில் அவர் போன தோணி அங்கே அடிபட்டு, மரமும் பாயும் கிடைக்காமல் கரையேறிக் கிடந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சேதி வந்தது. சேதியை உலையில் போட முடியாது. ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அங்கிருந்து வரும் அரிசியும் நின்றுபோனது. சர்க்கார் கடையில் கல்லும் புழுவுமாக அளந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவோம். மூத்தவளுக்குப் பத்து வயது, கடைக்குட்டி இடுப்பில். நான் கடற்கரைக் கருவாட்டுக் கொட்டகைக்கு மீன் கீறப் போனேன்.

கொட்டகைக்காரர் பனங்காட்டு ஊரிலிருந்து வந்து கடை வைத்துப் பெரிய ஆளான அண்ணாச்சி. சீலா, கட்டா, பாரை என்று பெரிய மீன்களை முதுகுப் பக்கமாகக் கீறி, நடுமுள்ளை உருவி, உப்பில் போட்டுக் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்புவார். பலகைக்கு ஒருத்தியாகப் பன்னிரண்டு பெண்கள் கீறினோம். கூலி அரிசிக்கே பற்றாது. ஆனால் அதற்கு மேல் ஒரு வழக்கம் உண்டு. மீனின் சதை முதலாளிக்கு, நடுமுள் கீறியவளுக்கு. முள்ளில் எவ்வளவு சதை ஒட்டியிருக்கிறதோ அதுதான் அவள் வீட்டுக் குழம்பு. மற்ற பெண்கள் எல்லாரும் வாடிக்கையாக இருபக்கமும் தீட்டிய கத்தி வைத்திருந்தார்கள். அது முள்ளை விட்டு விரல்கனம் தள்ளியே போகும். முள்ளோடு சதையும் வரும். வீட்டில் சட்டி நிறையும். அண்ணாச்சிக்கும் இது தெரியாமல் இல்லை. கத்தி போகிற போக்கு அப்படி என்று விட்டிருந்தார்.

என்னிடம் கத்தி இல்லை. வீட்டில் இருந்தது முனை முறிந்த ஒன்று. தோணியிலிருந்து அவர் கொண்டுவந்து போட்டிருந்த பழைய அரம் ஒன்று கிடந்தது. நல்ல எஃகு. அதை எடுத்துக்கொண்டு, நாசரேத் பக்கத்திலிருந்து வந்து கடைத்தெரு முனையில் உலை போட்டிருந்த ஆசாரியிடம் போனேன். மீன் கீறுகிற கத்தியாக அடித்துத் தரச் சொன்னேன். பாவம், அந்த மனிதர் ஆயுசு முழுக்கப் பனையேறிகளுக்குப் பாளை சீவுகிற அரிவாள் அடித்தவர். கை தனக்குத் தெரிந்த வேலையைத்தானே செய்யும்? இரண்டு நாள் கழித்துப் போனால், கத்தியின் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்கிறது, மறுபக்கம் மட்டும் சரிவு.

"என்ன ஆசாரி, பாதிதான் தீட்டியிருக்கு? மத்த பாதிக்கு நாளைக்கு வரணுமா?"

"அதுதான்ம்மா தீட்டு. பாளை சீவுத அருவாளுக்கு ஒரு பக்கந்தான் சரிவு. அப்பத்தான் காயிதம் மாதிரி சீவும்."

"நான் பனையேறப் போவலயே!"

"மீனுக்கும் முதுகு உண்டுல்லா. கொண்டுபோயி கீறிப் பாரு. சரியில்லன்னா எம் மூஞ்சில கொண்டாந்து எறி."

முதல் நாள் அதை அவர் மூஞ்சியில் எறியத்தான் நினைத்தேன். நேராக இறக்கினால் அது நேராகப் போகாது. மட்டமான பக்கத்தை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து இழுத்துக்கொண்டு போகும், பிடிவாதக்கார மாடு மாதிரி. இரண்டு மீனைக் கோணலாகக் கீறினேன். மூன்றாவதில் என் கட்டைவிரலைக் கீறினேன். பக்கத்துப் பலகைக்காரி ஒருத்தி, வாய் நீளமானவள், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"ஏளா, ஒங் கத்திக்கு ஒரு கண்ணு குருடுளா! கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் கை நடுங்கும்.

மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடிபட்டது. அந்தக் கத்தி இழுக்கிற பக்கத்துக்கே அதை விட்டுவிட வேண்டும். மட்டப் பக்கத்தை நடுமுள்ளின் மேல் படுக்கவைத்தேன். மணிக்கட்டை ஒரு நெல்மணி அளவு சாய்த்தேன். அவ்வளவுதான். கத்தி முள்ளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வால்வரைக்கும் ஓடியது. முள்ளின் ஒவ்வொரு கணுவும் கத்தியின் அடியில் தட்டித் தட்டிப் போவது உள்ளங்கையில் தெரிந்தது. மேலே சரிவான பக்கம் சதையைத் தூக்கி ஒதுக்கிக்கொண்டே வந்தது. எடுத்துப் பார்த்தால், கீறி எடுத்த சதைப் பாளம் ஒரே கனம், ஒரே வழவழப்பு. உப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் பிடிக்கும். ஓரம் காய்ந்து நடு அழுகுகிற பேச்சே இல்லை. மேற்பார்க்கிற கங்காணி என் பாளத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் போனால் அது பாராட்டு.

அந்தக் கத்தியின் குறையையும் சொல்லிவிடுகிறேன், ஒருதலையாகப் பேசக்கூடாது. தலையை வெட்ட அது ஆகாது, கத்தியின் கூர் பொடிந்துவிடும். குறுக்கே துண்டு போடவும் ஆகாது. மேலே கனமாகவும் கீழே மெல்லிசாகவும் துண்டு விழும். தீட்டுவதற்கும் தனிப் பக்குவம். சரிவான பக்கத்தை மட்டும் கல்லில் தேய்க்க வேண்டும். மட்டப் பக்கத்தைக் கல்லோடு கல்லாகப் படுக்கவைத்து ஒரே ஒரு தடவை இழுத்துப் பிசிறை எடுக்க வேண்டும். முதுகைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போச்சு, கத்தி சாதாரணக் கத்தியாகிவிடும். தெருவில் சாணை பிடிக்க வந்தவன் ஒருவன், "பாவம், ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கு" என்று தர்மத்துக்கு மறுபக்கத்தையும் தீட்டப் பார்த்தான். சக்கரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

ஆனால் அதன் பெரிய குறை இது எதுவும் இல்லை. அது அன்று சாயங்காலம் வீட்டில் தெரிந்தது.

முள்ளைக் குழம்பு வைத்தேன். மூத்தவள் சட்டியைக் கரண்டியால் துழாவினாள். மறுபடியும் துழாவினாள்.

"அம்மா, முள்ளுல ஒண்ணுமே இல்லயே?"

இல்லைதான். சீப்பு மாதிரி இருந்தது. என் கத்தி அவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தது. நான் நன்றாக வேலை செய்யச் செய்ய என் பிள்ளைகள் பட்டினி. மோசமாகக் கீறுகிறவள் வீட்டில் குழம்பு மணந்தது. வேலி தாண்டி அந்த வாசனை வரும். என் இரண்டாவது பையன் முள்ளைக் கடித்து உறிஞ்சிவிட்டு, கெட்டிக்காரன், "நல்லாருக்கும்மா" என்பான். அதைக் கேட்கத்தான் எனக்குப் பொறுக்காது.

பலகையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. வாய் நீளமானவள் சொன்னாள்:

"ஒங் கத்தி அண்ணாச்சி வீட்டுப் பிள்ளளா. ஒம் பிள்ளயளுக்கு எதிரி."

நானும் ஒரு நாள் திருடிப் பார்த்தேன், மறைக்கவில்லை. முள்ளை விட்டுக் கத்தியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சதையை முள்ளோடு விட நினைத்தேன். கத்தி விடவில்லை. இழுத்து முள்ளுக்கே போகும், நான் தூக்குவேன், அது மறுபடியும் போகும். பாளம் படிப்படியாக, கோயில் படிக்கட்டு மாதிரி வந்தது. கங்காணி அதைத் தூக்கி என் முன்னால் போட்டார்.

"இது என்னம்மா, கொழும்புக்காரன் ஏறி மேல போறதுக்கா?"

வெட்கத்தில் செத்தேன். இருபக்கக் கத்தியிலே கொஞ்சம் ஏமாற்றலாம், இதிலே முடியாது. வேறு கத்தி வாங்கிப் போக வேண்டியதுதானே என்று கேட்பாய். கேள். ஊரில் எவளாலும் முடியாததைச் செய்கிற கை எனக்கு இருந்தது. அதை மோசமாக்கிக்கொண்டு போய்ச் சோறு தின்ன எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்கும் மீன் வேண்டும், கைக்கும் மரியாதை வேண்டும், இரண்டும் வேண்டும் என்று நினைத்தேன். திமிர் என்று சொன்னார்கள். இருக்கட்டும்.

முதலாளியிடம் போய் என் முள்ளையும் மற்றவர்கள் முள்ளையும் காட்டி, "எனக்கு வேறு பங்கு தாருங்கள்" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் மற்றப் பதினொரு வீட்டுச் சட்டியிலும் மண் விழும். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். காக்காய் மூடவில்லை.

நாலாம் மாதம் ஒரு நாள் காலை அண்ணாச்சி கொட்டகைக்கு வந்தார். எங்கள் முள்ளுக் கூடைகள் வரிசையாக வெளியே இருந்தன. பதினொரு கூடையிலும் காக்காய்கள் மொய்த்து அடித்துக்கொண்டன. என் கூடையில் ஒன்றுகூட இல்லை. ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து, ஒரு முள்ளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கோபித்துக்கொண்டு பக்கத்துக் கூடைக்குப் போனது. அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது யாரு கூட?"

"எனக்குள்ளது அண்ணாச்சி."

குனிந்து ஒரு முள்ளை எடுத்தார். பக்கத்துக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்தார். இரண்டையும் இரண்டு கையில் வைத்து, கையாலேயே எடை போட்டார். பிறகு என் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனங்காட்டில் பிறந்தவருக்கு அந்தத் தீட்டு தெரியாதா?

"இது பாளை அருவாத் தீட்டுல்லா! எந்த ஆசாரி?"

சொன்னேன். சொல்லாமல் முடியாது. மறுநாளே பதினோரு கத்திக்குச் சொல்லியனுப்பிவிட்டார். இனிமேல் எல்லாரும் இந்தக் கத்தியில்தான் கீற வேண்டும் என்று கங்காணி வந்து அறிவித்தார். அன்றைக்குப் பெண்கள் ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. தண்ணீர்க் குடத்தைக்கூட என் கைக்குத் தராமல் தரையில் வைத்தார்கள். வாய் நீளமானவள் மட்டும் சொன்னாள்:

"நல்லாருப்பளா நீ. பன்னெண்டு வீட்டுப் பிள்ளயும் இனிமே ஒம் பேரச் சொல்லி முள்ளு சப்பும்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. "பொறுங்களா. கத்தி வரட்டும்" என்று மட்டும் சொன்னேன். எனக்கு அந்தக் கத்தியைத் தெரியும். அது சும்மா வசப்படாது.

கத்திகள் வந்தன. வந்த அன்று கொட்டகை ஒரு ஆஸ்பத்திரி மாதிரி ஆனது. நாலு பேருக்குக் கட்டைவிரல் போனது. பாளங்கள் கோணல் மாணலாக, ஓட்டை ஓட்டையாக வந்தன. ஓட்டை விழுந்த பாளத்தைக் கொழும்பில் எவன் வாங்குவான்? எங்களில் ஒருத்தி இடக்கைக்காரி. அவள் கையில் கத்தி முள்ளைவிட்டு வானத்தை நோக்கிப் போனது. ஆத்திரத்தில் ஒருத்தி மறுபக்கத்தையும் கல்லில் தீட்டிக்கொண்டுவந்தாள். அது கத்தியாகவும் இல்லை, கரண்டியாகவும் இல்லை. மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாள் கரைக்குச் சீலா வந்து குவிந்தது, அந்த வருடம் பார்க்காத மீன்பாடு. அந்த வாரமே கொழும்புக்குக் கிளம்புகிற தோணியில் அண்ணாச்சி இடம் பேசியிருந்தார். மீன் வெயிலில் கிடக்கிறது, பாளம் சரியாக வருவது என் பலகையில் மட்டும்.

கங்காணி என்னைக் கூப்பிட்டார். அண்ணாச்சி ஒரு உப்புமூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, நீ எப்படிக் கீறுதே? அவளுவளுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடு."

"சொல்லித் தாரேன் அண்ணாச்சி. மத்தியானத்துக்குள்ள எல்லாருக்கும் வந்துரும்."

"அப்பொ போ, போ, மீனு கெடுது."

நான் போகவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன்.

"நீங்க ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி. இந்தக் கத்தியில கீறினா முள்ளுல ஒண்ணும் இருக்காது. நீங்களே பாத்திய, காக்கா கூட வரல. காக்கா தொடாதத எம் பிள்ள எப்படித் திங்கும்?"

"முள்ளு ஒங்களுக்குங்கது வழக்கம். நான் மாத்தலயே."

"கத்திய மாத்திட்டியளே. கத்தி மாறுனா வழக்கமும் மாறணும்லா. முள்ள நீங்களே வச்சுக்கிடுங்க, ஆத்தூர் வெத்தலக் கொடிக்காலுக்கு எருவாப் போடுங்க. எங்களுக்கு முழு மீனு தாங்க. பத்து மீனுக்கு ஒரு மீனு."

 அண்ணாச்சி சிரித்தார்.

"பத்துக்கு ஒண்ணா? பேசாம கொட்டகையவே எழுதித் தந்துருதேன்! நாப்பதுக்கு ஒண்ணு."

"நாப்பது மீனு கீறி முடிக்கதுக்குள்ள பிள்ள மயங்கி விழுந்துரும் அண்ணாச்சி. பன்னெண்டு."

"முப்பது."

அந்த நேரத்தில்தான் நான் திரும்பிப் பார்த்தேன். பதினோரு பேரும் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்கள். நான் சொல்லவில்லை. ஒருத்தரும் சொல்லவில்லை. வாய் நீளமானவள் முன்னால் நின்றாள். விரலில் துணிக்கட்டு. அவள்தான் குரல் கொடுத்தாள்:

"அண்ணாச்சி, ஈ மொய்க்கி! பேரம் பேசுத நேரமா இது? அவ சொல்லதக் கேளுங்க!"

அண்ணாச்சி மீன் குவியலைப் பார்த்தார். ஈயைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். வியாபாரிதானே. பழைய முறையில் முள்ளோடு போன சதையெல்லாம் இனி பாளத்தோடு தனக்கே வரும் என்று அவருக்கும் தெரியும்.

"சரி. பதினஞ்சுக்கு ஒண்ணு."

"சரி அண்ணாச்சி. ஆனா எந்த மீனுங்கத கீறினவ எடுப்பா. கங்காணி எடுத்துத் தரப்படாது."

"ஏன், கங்காணிமேல நம்பிக்கை இல்லயா?"

"நம்பிக்கை உண்டு. அவரு கைக்குச் சின்ன மீனுதான் அம்புடும்."

கொட்டகையே சிரித்தது. கங்காணிகூடச் சிரித்தார். அண்ணாச்சி எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "எடுங்க, எடுங்க, கத்திய எடுங்க" என்றார்.

பதினோரு பேரையும் என் பலகையைச் சுற்றி நிற்கவைத்தேன். "அது இழுக்க பக்கம் போங்களா, எதுத்து நிக்காதிய" என்று சொன்னேன். மட்டப் பக்கம் முள்ளின் மேல், மணிக்கட்டு ஒரு நெல்மணி சாய்வு. கண்ணைப் பாளத்தில் வைக்காதே, உள்ளங்கையில் வை. முள் தட்டுகிறதா? தட்டினால் சரி. ஒருத்தி ஒருத்தியாகக் கை பிடித்து ஓட்டிக்காட்டினேன். மத்தியானத்துக்குள் ஒன்பது பலகையில் பாளம் தட்டையாக விழ ஆரம்பித்தது. மறுபக்கத்தையும் தீட்டிக் கத்தியைக் கெடுத்துக்கொண்டவளை விட்டால், இடக்கைக்காரிக்கு மட்டும் ஆகவில்லை. குற்றம் அவள்மேல் இல்லை, கத்தி வலக்கைக்குப் பிறந்தது. அவளுக்கு மறுபக்கம் சரிவு வைத்து ஒன்று அடிக்கச் சொல்லி ஆசாரிக்கு ஆள் அனுப்பினேன். ஆசாரி, "இடக்கையால பனையேறவன நான் பாத்ததே இல்லயே" என்று முனகிக்கொண்டே அடித்துத் தந்தாராம். அது வந்த பிறகு எங்களில் வேகமாகக் கீறியவள் அவள்தான். நான் பொறாமைப்பட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

வெயில் சாய்வதற்குள் குவியல் முடிந்தது. ஒரு மீன்கூடக் கெடவில்லை. தோணிக்குச் சரக்கு குறித்த நாளில் தயாரானது.

அன்றைக்கு என் பங்கை நான் எடுத்தேன். அவசரப்படவில்லை. குவியலில் கையை விட்டு, கண்ணைப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, ஒரு சீலாவை எடுத்தேன். வால் என் முழங்காலில் இடித்தது. கடற்கரைச் சந்து வழியாகப் போனால் வீடு கிட்டம். நான் அந்த வழி போகவில்லை. கோயில் முன்னால் போய், பெரிய தெருவைச் சுற்றி, எல்லா வாசலும் பார்க்கும்படி போனேன். "என்ன, விருந்தா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, என் வீட்டுல இன்னைக்கு அஞ்சு பேரு விருந்தாளி" என்றேன்.

மூத்தவள் வாசலில் நின்றாள். மீனைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இது யாருக்கும்மா?"

"நமக்குளா. தலயும் நமக்கு, நடுத்துண்டும் நமக்கு, முள்ளும் நமக்கு."

அதைத் துண்டு போட என் கத்தி ஆகாதே. வாய் நீளமானவள் வீட்டுக்கு ஆள் அனுப்பி, அவளுடைய பழைய இருபக்கக் கத்தியை வாங்கிவரச் சொன்னேன். கத்தியோடு அவளும் வந்தாள், கொஞ்சம் புளியும் கையில். கனம் கனமாகத் துண்டு போட்டேன். கடைக்குட்டிக்கு முள் எடுத்துச் சதையை மட்டும் ஊட்டினேன். என் இரண்டாவது பையன் தின்றுகொண்டே இருந்தான், அன்றைக்கு "நல்லாருக்கும்மா" என்று சொல்லவே இல்லை. சொல்ல வாய் ஒழியவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இந்த எண்பத்திரண்டு வயதுவரை கிடைத்ததில்லை.

பதினைந்துக்கு ஒன்று என்பது அந்தக் கொட்டகையில் வழக்கமானது. பக்கத்துக் கொட்டகைப் பெண்களும் கேட்டு வாங்கினார்கள். என் வீட்டுக்காரர் அடுத்த வருடம் தோணியோடு திரும்பி வந்து, பிள்ளைகளின் கன்னத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நான் இல்லாம என்னளா இப்படிக் கொழுத்திருக்குதுவ?" என்று கேட்டார். நான் அவர் கொண்டுவந்த துணியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

எழுதி முடித்துவிட்டேன். ஒன்பது நாள் ஆனது. ஏளா பேத்தி, அந்தப் பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு இங்கே வந்து உட்கார். முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டு. எழுத்து கோணலாக இருக்கும், கூட்டிப் படி. அண்ணாச்சியிடம் நான் பேசிய இடம் வந்தால் மட்டும் மெதுவாக வாசி, எனக்கு அதைக் கேட்க வேண்டும்.